நெல் அவிக்கும் வழக்கம்

நாம் நாள்தோறும் செய்யும் செயல்களுள் பெரும்பாலானவற்றை ஏன் செய்கிறோம் என்று எவரும் கேட்பதில்லை. பாட்டி செய்தாள், தாய் செய்தாள், நாமும் செய்கிறோம். அவ்வாறு கைமாறி வரும் வழக்கங்களுள் சில உடல்நலத்துக்கு உறுதுணையானவை, சில பயனற்றவை, சில தீங்கும் பயப்பவை. எது எத்தகையது என்று பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினா எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது புழுங்கலரிசியின் வரலாறு. மிக எளிய சமையற்கட்டு வழக்கம் ஒன்று, பல நாடுகளில் பல்லாயிரவரைக் கொன்ற நோயிலிருந்து தமிழரைக் காத்தது. காக்கப்பட்டவர்களுக்கு அச்செய்தி தெரியாது. அதனைக் கண்டறிய மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. மாணவர்களாகிய உங்களுக்கு அவ்வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

அந்நோயின் பெயர் பெரிபெரி. சிங்களச் சொல் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். நோய் முதலில் கால்களைப் பற்றும். பாதம் மரத்துப் போகும், கெண்டைக்காற் சதை நோகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால்கள் சூம்பி, எழுந்து நிற்கவும் இயலாது போகும். வேறு சிலருக்கு உடலெங்கும் நீர் கோத்து வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் தளரும். காலையில் வேலைக்குச் சென்றவன் மாலையில் பிணமாவதும் உண்டு. பெரிபெரியால் வருந்தும் தாயிடம் பாலுண்ணும் குழந்தையும் திடீரென்று உயிர் துறக்கும்.

கிழக்காசிய நாடுகளில் இந்நோய் பழமையானது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது காட்டுத்தீயெனப் பரவியது. சிறைச்சாலை, படைவீடு, கப்பல், சுரங்கம், மனநோய் மருத்துவமனை என, பலர் ஓரிடத்தில் கூடி ஒரே சமையற்கட்டில் உண்ணும் இடங்களையே அது தேடிச் சென்றது. அக்காலம் நோய்க்கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி வெற்றி முழக்கம் செய்துகொண்டிருந்த காலம். காசநோய்க்கும் வாந்திபேதிக்கும் உரிய கிருமிகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. ஆகவே, பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்று மருத்துவர் பலர் நம்பினர். உணவில் ஒன்று சேர்ந்ததால் நோய் வரும் என்பது அவர்களுக்கு விளங்கிற்று. உணவில் ஒன்று குறைந்ததாலும் நோய் வரும் என்பது எளிதில் விளங்கவில்லை.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் என்ன மாறியது? அரிசி மாறியது. நெல்லின் மேல் உமி இருக்கிறது. உமியை நீக்கினால் தவிட்டுப் படலம் போர்த்திய அரிசி கிடைக்கிறது. அதன் ஒரு முனையில் முளைக்கரு இருக்கிறது. உரலும் உலக்கையும் உமியைப் போக்கும். தவிட்டையோ முழுதும் போக்க மாட்டா. நீராவியால் இயங்கும் ஆலைகள் வந்தபின், தவிடும் முளைக்கருவும் அறவே நீங்கி, முத்துப்போல் வெளுத்த அரிசி மலிவாகக் கிடைத்தது. வெண்மை செல்வத்தின் அடையாளமாயிற்று. தவிடு மாட்டுத் தொட்டிக்குச் சென்றது.

முதலில் ஜப்பானைக் காண்போம். தகாகி கனேஹிரோ என்பவர் ஜப்பானியக் கடற்படை மருத்துவர். இலண்டனில் மருத்துவம் பயின்றவர். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் நெடும்பயணம் புறப்பட்டது. அதில் சென்ற 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் வீழ்ந்தனர். 25 பேர் மாண்டனர். தகாகி ஓர் அரிய சோதனையை வேண்டினார். 1884-ஆம் ஆண்டில் த்சுகுபா என்னும் மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். உணவை மட்டும் மாற்றினார். வெள்ளைச் சோற்றைக் குறைத்து ரொட்டியும் இறைச்சியும் பாலும் பருப்பும் கொடுத்தார். அக்கப்பலில் ஒருவரும் பெரிபெரியால் இறக்கவில்லை. நோயுற்ற சிலரும் பெரும்பாலும் புதிய உணவை ஏற்காதவர்களே. சில ஆண்டுகளில் ஜப்பானியக் கடற்படையில் அந்நோய் இல்லாமற் போயிற்று.

தகாகி கூறிய காரணம் பிழையானது. புரதக் குறைவே நோய்க்கு மூலம் என்று அவர் கருதினார். காரணம் பிழையாயினும் மருந்து சரியாகவே இருந்தது. ஆனால், அக்காரணத்தின் பிழையைச் சுட்டிக்காட்டிய தரைப்படை மருத்துவத் தலைவர்கள் மருந்தையும் சேர்த்தே மறுத்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் மோரி ஓகாய். ஜப்பானிய இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற எழுத்தாளர். அம்மறுப்பின் விலை பின்னர் தெரிந்தது. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் இரஷ்யாவோடு நிகழ்ந்த போரில், வெள்ளரிசி உண்ட ஜப்பானியத் தரைப்படையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெரிபெரியுற்றனர். ஏறத்தாழ 27,000 பேர் இறந்தனர். பகைவன் குண்டுக்குத் தப்பியவர்கள் தம் சோற்றுக்குத் தப்பவில்லை.

இனி ஜாவாத் தீவு. அது அக்காலத்தில் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பட்டேவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மான் என்னும் மருத்துவர் பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். சோதனைக்காக வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. கிருமி அகப்பட்டதென்று அவர் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால், சில மாதங்கள் கழித்து, எம்மருந்தும் இன்றியே, கோழிகள் நலம் பெற்று எழுந்து நடந்தன. விசாரித்தபோது வேடிக்கையான செய்தி ஒன்று வெளிப்பட்டது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட பணியாள் சிக்கனம் கருதி, படை மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்கு இட்டு வந்தான். பின்னர்ச் சமையற்காரர் மாறினார். படைவீரருக்கு உரிய சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகள் பழைய தீனிக்குத் திரும்பின, பிழைத்தன!

கோழிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமா? இதனை ஆராய்ந்தவர் வோர்டர்மான் என்னும் மருத்துவ மேற்பார்வையாளர். ஜாவாவில் ஊருக்கு ஊர் அரிசி வழக்கம் வேறுபட்டது. எனவே சிறைக்குச் சிறை கைதிகள் உண்ட அரிசியும் வேறுபட்டது. அவர் 101 சிறைகளை ஆராய்ந்தார். அவற்றில் இருந்த கைதிகள் ஏறத்தாழ 2,80,000 பேர். தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் பெரிபெரி ஏறத்தாழப் பத்தாயிரவருள் ஒருவருக்கே வந்தது. இருவகையும் கலந்து வழங்கிய சிறைகளில் 416 பேரில் ஒருவருக்கு வந்தது. தீட்டிய வெள்ளரிசி வழங்கிய சிறைகளிலோ 39 பேரில் ஒருவருக்கு வந்தது. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெருக்கடி ஆகியவற்றையும் அவர் கணக்கிட்டார். அவற்றிற்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. இவ்வாராய்ச்சி 1897-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஐக்மான், வெள்ளரிசியில் நஞ்சு ஒன்று உண்டென்றும் தவிடு அதற்கு மாற்று என்றும் எண்ணினார். அவருக்குப் பின் ஆராய்ச்சியைத் தொடர்ந்த கெரிட் கிரெயின்ஸ், 1901-ஆம் ஆண்டில் உண்மையை நெருங்கினார். நஞ்சு எதுவும் இல்லை. உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் தவிட்டில் இருக்கிறது. அது குறைவதே நோய் என்றார் அவர்.

இப்பொழுதுதான் நம்மவர் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளரும், ரப்பர்த் தோட்டங்களிலும் இருப்புப்பாதை வேலைகளிலும் தமிழ்த் தொழிலாளரும் உழைத்தனர். நம் மக்கள் அங்கே பட்ட துன்பம் கொஞ்சமன்று. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. ஆனால், சீனச் சுரங்கத் தொழிலாளரைச் சூறையாடிய பெரிபெரி, தமிழரை மட்டும் ஏறக்குறைய அண்டவே இல்லை. ஒரே நாடு, ஒரே வெயில், மழை, வறுமையும் ஒன்றே. பின் ஏன் இவ்வேறுபாடு?

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மருத்துவராக இருந்த லெனர்டு பிராடன் இவ்வினாவை எழுப்பினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. மலாய்க் கிராமத்தார் உண்டது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோய்க்குக் காரணம் அரிசியே என்று அவர் வாதிட்டார். காரணத்தை அவரும் ஒருவகை நஞ்சென்றே கருதினார். ஆயினும், குற்றவாளி எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்று சரியாகச் சுட்டிவிட்டார்.

அவர் கூற்றைச் சோதித்தவர் கோலாலம்பூரில் இருந்த வில்லியம் பிளெட்சர். அங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி மிகுந்திருந்தது. முற்றத்தின் இருபுறமும் ஒரே அமைப்பான இரண்டு கட்டடங்கள் இருந்தன. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளிகள் அனைவரையும் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண் பெற்றவர் ஒரு கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் பெற்றவர் மற்றதற்கும் அனுப்பப்பட்டனர். இருசாராருக்கும் பிற உணவெல்லாம் ஒன்றே. ஒருசாராருக்குச் சயாம் பச்சரிசி. மறுசாராருக்கு இந்தியப் புழுங்கலரிசி. அடுத்த ஆண்டின் முடிவில், பச்சரிசி உண்டவருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர். 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் இருவருக்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் இறக்கவில்லை.

ஆண்டு பலவாகியும் இவ்விடத்தைப் படிக்கும்போது என் மனம் தடுமாறுகிறது. அந்த 18 பேரை எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. வரிசையில் நின்ற இடமே அவர்களது வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது. இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனைக்கு இடந்தராது. ஜாவாவின் கைதிகள், மலாயாவின் மனநோயாளர், கூலிகள் ஆகிய எளிய மக்களின் உடலைக் கொண்டே இவ்வறிவு பெறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

பிளெட்சரின் முடிவைப் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் உறுதி செய்தனர். அவர்கள் காட்டின் நடுவே சாலை போடச் சென்ற ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ முந்நூறு பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். வெள்ளரிசிப் பிரிவில் மட்டும் நோய் தோன்றியது. பிரிவுகளின் உணவை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. 1909-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தபின், வெள்ளரிசியின்மேல் இருந்த குற்றச்சாட்டை மறுப்பது அரிதாயிற்று.

எஞ்சியது அப்பொருளைக் கண்டுபிடிப்பதே. 1912-ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரைப் படைத்தார். 1926-ஆம் ஆண்டில் யான்சன், டோனத் ஆகியோர் ஜாவாவிலேயே அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதற்குள், பிலிப்பைன்ஸ் நாட்டில் தவிட்டுச் சாறு கைக்குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருந்தாகியிருந்தது. அங்கு மணிலா நகரில் 1910-ஆம் ஆண்டளவில் இவ்வேலையைத் தொடங்கிய இளைஞர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார். இவர் பிறந்தது, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில். பல ஆண்டு உழைப்புக்குப்பின், 1936-ஆம் ஆண்டில் அவரும் உடனுழைத்தவரும் அப்பொருளைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினர். அதுவே தையமின் என்னும் வைட்டமின் பி-1. நமக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். அத்துகளளவு இல்லாமையால்தான் அத்தனை பேர் மாண்டனர். ஐக்மானுக்கு 1929-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊரில் நெல் அவிக்கும் நாள் ஒரு திருநாள் போலிருக்கும். பெரிய அண்டாக்களில் நெல் இரவெல்லாம் ஊறும்; விடியற்காலையில் அடுப்பு மூட்டுவர்; ஆவி பறக்க, நெல் வாய் விரியும் பதத்தில் இறக்கிப் பாயில் கொட்டிக் காயவைப்பர். ஏன் அவிக்க வேண்டும் என்று கேட்டால், "உமி எளிதில் கழலும்; அரிசி நொய்யாகாது; சோறு வயிற்றில் நின்று பசி தாங்கும்" என்பர். பெரிபெரி என்ற சொல்லையே அவர்கள் கேட்டதில்லை.

நெல் ஊறி அவியும்போது நிகழ்வது இது: தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தையமின் நீரில் கரையும் இயல்பினது. அது நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. வெப்பத்தால் மாவுப்பொருள் இளகி, பின்னர் இறுகி, அதனை உள்ளே பூட்டிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தவிட்டைச் சீவினாலும், வீட்டில் களைந்தாலும், முன்போல் எல்லாம் போய்விடுவதில்லை. தீட்டிய பச்சரிசியில் உள்ளதைவிட, அதே அளவு தீட்டிய புழுங்கலரிசியில் தையமின் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. நோயை எண்ணாமல் செய்த செயல் நோயை விலக்கி நின்றது.

இதற்குச் சான்று மலாயாவில் மட்டுமன்று, அக்காலச் சென்னை மாகாணத்துக்குள்ளேயே கிடைத்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை மிகுதியாக உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தெற்கு மாவட்டங்களில் அது அரிது. குன்னூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் மக்காரிசனும், அவருக்குப் பின் அய்க்ராய்டும் அரிசியைப் பற்றி விரிவாக ஆராய்ந்தனர். அந்நிலையமே 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1934-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கமும், அதனை நடத்திய தஞ்சையில் பிறந்த குமரப்பாவும், கைக்குத்தல் அரிசியை நாடெங்கும் பரப்ப முயன்றனர். தவிட்டைக் காப்பதில் கைக்குத்தலும் சிறந்த வழியே. ஆயினும், உலக்கை பிடித்த பெண்களின் தோள்வலியையும் நாம் எண்ண வேண்டும். ஆலை அவர்களுக்கு விடுதலை தந்தது என்பதும் உண்மை. புழுங்கல் முறையோ ஆலையின் வசதியையும் அரிசியின் சத்தையும் ஒருங்கே காக்க வல்லது.

"பார்த்தீர்களா, நம் முன்னோர் செய்த யாவும் நன்மைக்கே" என்று சிலர் இக்கதையிலிருந்து முடிவு கட்டக்கூடும். அம்முடிவுக்கு இக்கதை இடங்கொடுக்கவில்லை. நெல்லை அவித்து உயிர்ச்சத்தை உள்ளே பூட்டிய அதே வீட்டில், அரிசியை ஐந்தாறு முறை களைந்து, சோற்றை வடித்து, கஞ்சியைக் கொட்டும் வழக்கமும் இருந்தது. இரண்டும் முன்னோர் வழக்கமே. ஒன்று சத்தைக் காத்தது. மற்றொன்று சத்தைப் போக்கியது. பழமை இரண்டுக்கும் பொது. எனவே பழமையைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. அவ்வாறே, புதிய அறிவு என்ற பெயரால் வந்த வெண்ணிற அரிசியும், எல்லா நோய்க்கும் கிருமியே காரணம் என்ற முடிவும் மக்களைக் காக்கவில்லை.

பிரித்தறிய உதவியது ஒப்பிட்டு எண்ணும் முறை ஒன்றே. இரு கப்பல்கள், நூற்றொரு சிறைகள், இரு கட்டடங்கள் என்று, மற்றெல்லாம் ஒத்திருக்க ஒன்றை மட்டும் மாற்றி, நோயுற்றவரையும் நலமுற்றவரையும் எண்ணினர். இன்று மூலிகை, சாறு, சூரணம், உடற்பயிற்சி எனப் பல நல்வழிகள் நமக்குக் கூறப்படுகின்றன. கூறுபவர் அன்புடையவராக இருக்கலாம், அறிஞராகவும் இருக்கலாம். "இதனைச் செய்தவர் எத்தனை பேர்? அவருள் நலம் பெற்றவர் எத்தனை பேர்? செய்யாதவருள் நலம் பெற்றவர் எத்தனை பேர்?" என்று அவரிடம் பணிவோடு கேளுங்கள். மூன்றாவது வினாவிற்கு விடை இல்லையாயின், அந்த நல்வழி இன்னும் சோதிக்கப்படவில்லை என்று கொள்ளுங்கள். உயிர்க்கு இடரான நோயில் அதனை மட்டும் நம்பி மருத்துவரிடம் செல்லாது காலந் தாழ்த்தாதீர்கள்.

அதே வேளையில், காரணம் விளங்கவில்லை என்பதற்காகவே ஒரு நல்வழியைத் தள்ளிவிடவும் வேண்டா. தகாகியின் விளக்கம் பிழையென்று கண்டவர்கள் அவர் கப்பலில் பிழைத்தவர்களை எண்ணிப் பார்த்திருந்தால், எத்தனையோ ஜப்பானியத் தாய்மார் தம் மக்களை உயிரோடு கண்டிருப்பர்.

பெரிபெரி இன்று நம்மிடையே அரிதாகிவிட்டது. உணவு பலவகைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். பருப்பு, பயறு, நிலக்கடலை, முழுத் தானியம் முதலியவற்றிலும் தையமின் உண்டு. ஆனாலும், வெள்ளைச் சோற்றையே பெரிதும் நம்பி, பிறவற்றைக் குறைத்து உண்போரும், மதுவுக்கு அடிமையானோரும் இன்றும் இக்குறைவுக்கு ஆளாகின்றனர். ஆகவே, உங்கள் வீட்டில் அரிசியை அளவோடு களையச் சொல்லுங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடியுங்கள்; இயன்றால் நீர் அளவாக வைத்துச் சோற்றை வடிக்காமலே ஆக்கச் சொல்லுங்கள். சோற்றோடு பருப்பும் பயறும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்காடியில் பச்சரிசியும் புழுங்கலரிசியும் அருகருகே இருக்கக் காணும்போது, எதனை வாங்குவது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.